கனடா டப்பாவும் காகிதப் பொட்டலமும்

கேள்வி: ஐயா, எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். மகனுக்கு 19 வயது. டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாக இருக்கிறான். நாலு பையன்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். போன வாரம் துவைக்கத் துணி எடுத்தபோது பேன்ட் பாக்கெட்டில் கஞ்சாப் பொட்டலமும் சுருட்டிப் பிடிக்கும் மெல்லிசுக் காகிதமும் இருந்தன. கேட்டபோது மறைக்கவில்லை. போனை எடுத்துக் காட்டி, "கனடாவுல கடை வச்சே விக்கிறாங்கம்மா, கவர்மெண்டுக்கு வரி போகுது. இங்க பிராந்தி விக்கிற கவர்மெண்டு, ஒரு செடிக்கு மட்டும் ஜெயில்ல போடுமா?" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் அப்பா மண்டிக்குத் தக்காளி ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். கோபக்காரர், அதனால் இன்னும் சொல்லவில்லை. "ஸ்டேஷன்ல தெரிஞ்ச ஏட்டு இருக்காரு, ரெண்டு தட்டு தட்டச் சொல்றேன், திருந்திடுவான்" என்கிறார் என் அண்ணன். அவன் பேசுவதில் நியாயம் இருக்கிறதா? நான் என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்)

பதில்: அம்மா, அவன் கேள்விக்கே முதலில் வருகிறேன். அதைத் தட்டிக் கழித்தால் அப்புறம் நீங்கள் சொல்லும் எதுவும் அவன் காதில் ஏறாது.

நியாயம் இருக்கிறது. சட்டத்தைப் பற்றி அவன் சொல்வதில் முக்கால் பங்கு எனக்கும் உடன்பாடுதான். லைசென்ஸ் கொடுத்து, தரம் பார்த்து, வயது பார்த்து, வரி போட்டு விற்பது இப்போதிருக்கும் தடையைவிட மேல் என்று நினைக்கிறவன் நான். இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டிக் கடிதம் எழுதப் போகிறவர்கள், முழுதும் படித்துவிட்டு எழுதினால் நல்லது.

தடை என்ன சாதிக்கும் என்பதற்கு உங்கள் மாவட்டத்தைவிட நல்ல சாட்சி வேண்டாம். குட்கா தமிழ்நாட்டில் 2013இலிருந்து தடை. ஆனால் அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூரு பக்கமிருந்து அது வந்துகொண்டேதான் இருக்கிறது. கேட்கிற விதத்தில் கேட்டால் பெட்டிக்கடையில் கல்லாவுக்கு அடியிலிருந்து கை நீளும். கர்நாடக மதுப் பாக்கெட்டுகள் எல்லை தாண்டி எந்தெந்த ஊருக்கு வருகின்றன என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? கஞ்சாவும் அப்படித்தான். தமிழ்நாட்டில் பயிரே இல்லை என்கிறது போலீஸ். ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைவது ரயிலிலும் லாரியிலும் ஏறி வருகிறது. வழியில் பிடிபடுகிறவன் பெரும்பாலும் கூலிக்கு மூட்டை சுமந்த ஆள். அனுப்பியவன் முகம் அவனுக்கே தெரியாது. உங்கள் மகன் கைக்கு வருகிற வரையில் அந்தப் பொட்டலம் எத்தனை கை மாறியது, எதோடு கலந்தது என்று யாருக்கும் தெரியாது. விற்கிறவன் ஆதார் கார்டு கேட்பதில்லை. பதினாலு வயதுப் பையன் வந்து நின்றாலும் கொடுப்பான்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. 1893இல் வெள்ளைக்கார அரசு கஞ்சாவைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894இல் தொகுதி தொகுதியாக அறிக்கை கொடுத்தார்கள். முழுத்தடை தேவையும் இல்லை, உசிதமும் இல்லை. சாகுபடிக்கு லைசென்ஸ் வையுங்கள், கடைகளைக் குறையுங்கள், ஒருவர் கையில் இவ்வளவுதான் இருக்கலாம் என்று அளவு வையுங்கள், வரியைப் போடுங்கள் என்பதுதான் சாரம். நூற்று முப்பது வருடத்துக்கு முந்தைய அந்தப் பரிந்துரையைத்தான் இன்று கனடாக்காரன் புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி செய்கிறான். நாமோ 1961இன் ஐ.நா. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, 1985இல் போதைப்பொருள் சட்டம் கொண்டுவந்து கதவைச் சாத்தினோம். அதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள். அந்தச் சட்டத்தில் 'கஞ்சா' என்றால் செடியின் பூத்த நுனிதான். தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. அதனால்தான் ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் லைசென்ஸ் வாங்கிய கடையில், இந்த இலையை அரைத்துச் செய்யும் பாங்கு விற்கிறார்கள். ஒரே செடிதான். இலை அங்கே கடைச்சரக்கு, பூ இங்கே ஜெயில்.

வரி என்றதும் உங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. 1937 அக்டோபர் 1ஆம் தேதி அவர் மதுவிலக்கைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது சேலம் மாவட்டம்தான். கள்ளுக்கடை, சாராயக்கடை வருமானம் போனதே, பணத்துக்கு என்ன செய்வது? 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். நீங்கள் கடையில் கொடுக்கும் ஜிஎஸ்டிக்கு அதுவும் ஒரு பாட்டி முறை. இன்று கதை தலைகீழ்: 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கு மேல். இதில்தான் உங்கள் மகனோடு நான் கொஞ்சம் பிரிகிறேன். "பிராந்தி விக்கிறாங்களே, இதையும் வித்தா என்ன" என்பது எனக்குப் பிடிக்காத வாதம். விற்பனை குறைந்தால் பட்ஜெட்டில் துண்டு விழும் என்ற நிலைக்கு ஓர் அரசு வந்துவிட்டால், அது குடிப்பதைக் குறைக்கச் சொல்லும்போது பாதி வாயால்தான் சொல்லும். கஞ்சாவுக்கு டாஸ்மாக் வேண்டாம். வரி, கஜானாவை நிரப்ப அல்ல, விலையைப் பிடித்து வைக்க. அமெரிக்காவின் கொலராடோவில் 2014இல் கடை திறந்தபோது, வரியில் ஒரு பங்கைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். நான் எழுதுவதானால் முதல் பங்கை மறுவாழ்வு மையங்களுக்கு எழுதுவேன். இந்த மாவட்டத்தில் எத்தனை தாய்மார்கள் மகனை எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

கனடாவில், டொரொண்டோவில் இருக்கும் என் அக்கா மகன் ஒருமுறை அங்கே கடையில் விற்கும் கஞ்சாவின் காலி டப்பா ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினான். கண்ணைக் கவரும் படம் எதுவும் இல்லை. மஞ்சள் கட்டத்தில் உடல்நல எச்சரிக்கை. சிவப்பு எண்கோணத்துக்குள் ஓர் இலை, கீழே டிஹெச்சி என்று எழுத்து. போதை தருவது அந்தச் சரக்குதான். எவ்வளவு இருக்கிறது என்றும் அச்சடித்திருக்கிறது. மூடியின் மேல் வரி கட்டியதற்கான முத்திரை. குழந்தைகள் திறக்க முடியாத மூடி. 2018 அக்டோபரிலிருந்து அங்கே இப்படித்தான். இதை உங்கள் மகன் பாக்கெட்டில் இருந்த பொட்டலத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன் வாதாடுவது அந்த டப்பாவுக்காக. இழுப்பது இந்தப் பொட்டலத்தை.

தாய்லாந்தையும் அவனிடம் சொல்லுங்கள். 2022 ஜூனில் விதிமுறைகளை எழுதி முடிக்காமலே தடையை எடுத்தார்கள். தெருவுக்குத் தெரு கடை. மூன்றே வருடத்தில், 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று திரும்ப இறுக்கினார்கள். சட்டம் முதலில், கடை அப்புறம்.

இப்போது அவனுக்குப் பிடிக்காத பகுதி. கஞ்சாவை அனுமதித்த அமெரிக்க மாநிலங்களில் கடைக்குள் நுழைய வயது 21. கனடாவில் பெரும்பாலும் 19, கியூபெக்கில் 21. தமிழ்நாட்டில் பிராந்திக்கே 21. நான் எழுதும் சட்டத்திலும் 21தான். அதாவது, அவன் கேட்கிற சட்டம் நாளைக்கே வந்தாலும் ஓசூர் கடையில் அவனுக்குக் கொடுக்க மாட்டார்கள். இதைச் சும்மா வாதத்துக்குச் சொல்லவில்லை. மூளை இருபத்தைந்து வயது வரைக்கும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கஞ்சா பழகுகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அதை விட முடியாத நிலைக்குப் போகிறார். சின்ன வயதில் தொடங்கினால் கணக்கு இன்னும் மோசம். உங்கள் வீட்டில், அவன் அப்பா வழியிலோ உங்கள் வழியிலோ, யாருக்காவது மனச்சிதைவு இருந்திருந்தால் அவன் இதன் பக்கமே போகக் கூடாது. 'இயற்கைச் செடிதானே' என்பான். அரளியும் செடிதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அந்தப் பொட்டலத்தை அப்பாவிடம் காட்டலாம் என்று எங்காவது எடுத்து வைத்திருந்தால், இன்றைக்கே கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டில் இருந்தால் சட்டப்படி வைத்திருப்பவர் நீங்கள்.

அண்ணன் சொன்ன ஏட்டு வேண்டவே வேண்டாம். ஸ்டேஷன் வாசலை மிதித்த பிறகு அது அண்ணன் கையிலும் இல்லை, ஏட்டு கையிலும் இல்லை. ஒரு கிலோவுக்கு உட்பட்டால் 'சிறிய அளவு'. அதற்கே ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவைத் தாண்டினால் பத்து வருடத்துக்குக் குறையாது, ஜாமீனும் லேசில் கிடைக்காது. அவன் அவ்வளவுக்குப் போகிற பையன் இல்லை என்பீர்கள். ஆனால் ரூமில் இருக்கிற நாலு பேரில் ஒருவன் மற்றவர்களுக்கும் வாங்கிவந்து கொடுத்தால், அது விற்பனை வழக்காகவே எழுதப்படலாம். எஃப்ஐஆரில் பெயர் ஏறினால் கம்பெனியில் நிரந்தரம் ஆவதும் பாஸ்போர்ட் எடுப்பதும் இழுபறிதான். சட்டம் மாற வேண்டும் என்று வாதாடுவதற்கு அவனுக்கு உரிமை உண்டு. மாறுகிற வரைக்கும் இதுதான் சட்டம் என்பதையும் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

அதே சட்டத்தில் ஒரு ஜன்னலும் இருக்கிறது. 64ஏ என்ற பிரிவு. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சையை முழுதாக முடித்தால், பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ அவர் மேல் வழக்கு நிற்காது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அவன் இன்னும் அந்தக் கட்டத்தில் இல்லாமலும் இருக்கலாம். வாரத்துக்கு எத்தனை நாள், தூக்கம் எப்படி, வேலைக்கு லீவு போடுகிறானா, தனியாக இழுக்கிறானா என்று நாலு கேள்வி கேளுங்கள். குரலை உயர்த்தாமல். மறைக்காமல் பேசிய பையன், பதில் சொல்வான். முதலில் போனில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் 14446, கட்டணமில்லாத எண்.

அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும். சந்தை நாளில், லோடு ஏற்றிக் களைத்து வந்து உட்காரும் நேரத்தில் வேண்டாம். மருத்துவமனைக்குத் தேதி முடிவு செய்துவிட்டு, "இன்ன நாள் போகிறோம், நீங்களும் வாங்க" என்று சேர்த்தே சொல்லுங்கள்; கை ஓங்குவதற்கு இடமிருக்காது.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டு போடும் இடத்தில் பின்னால் நிற்கும் கூட்டத்துக்குக் கேட்க எதையும் விளக்க வேண்டாம். "மனநலப் பிரிவு" என்று மட்டும் சொல்லுங்கள், போதும். மற்றதை உள்ளே டாக்டரிடம் அவனே சொல்லட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.