‘நான்’ என்பது பொய்யா? சுங்கை சிப்புட்டில் ஒரு கேள்வி நேரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்ததும், மூளையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அறிவித்தோம். சீட்டுகள் குவிந்துவிட்டன. நான் நரம்பியல் வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அன்று சொன்ன பதில்களில் சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

படிவம் 5 மாணவி: ஆன்ட்டி, ‘நான்’ என்பதே மாயை என்று விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டதாக யூடியூபில் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

நிரூபிக்கவில்லை, கண்ணு. மூளைக்குள் ஒரே இடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்து உத்தரவு போடுகிற ஒருவர் இருப்பார் என்று நாம் நினைக்கிறோம். அப்படி ஓர் இடம் தேடியும் அகப்படவில்லை. அவர்கள் காட்டியது அவ்வளவுதான். மூளையில் ஏறத்தாழ 86 பில்லியன் நரம்பணுக்கள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி பின்பக்கத்துச் சிறுமூளையில் இருக்கிறது. ஆனால் சிறுமூளை இல்லாமலே பிறந்தவர்கள்கூட நடையும் பேச்சும் தடுமாறினாலும் தன்னுணர்வோடு வாழ்கிறார்கள். எண்ணிக்கை பெருகினால் ‘நான்’ வந்துவிடும் என்பது சரியில்லை என்று இதிலேயே தெரிகிறது.

உனக்கு அவசியம் தெரிய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கடும் வலிப்பு நோய்க்காக, மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கட்டை சிலருக்கு வெட்டினார்கள். அவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மாணவர் மைக்கேல் கஸ்ஸானிகா பின்னாளில் அப்படிப்பட்ட ஒரு நோயாளியின் இடது மூளைக்கு மட்டும் கோழிக்கால் படத்தையும், வலது மூளைக்கு மட்டும் பனி மூடிய காட்சியையும் காட்டினார். பொருத்தமான படத்தைத் தொடச் சொன்னதும் வலது கை கோழியைத் தொட்டது, இடது கை மண்வாரியைத் தொட்டது. மண்வாரி எதற்கு என்று கேட்டார்கள். பேசுவது இடது மூளை, அது பனியைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் தயங்காமல், கோழிக் கூண்டைச் சுத்தம் பண்ண மண்வாரி வேண்டுமே என்று பதில் வந்தது. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்கும் வராமல் காட்டுக்கும் போகாமல், ஆட்கள் வேலை முடித்து வந்தபின் காரணத்தோடு செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டை எழுதுகிற தோட்டக் கிராணி மாதிரி, நமக்குள் ஒரு பகுதி கதை எழுதிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கதை சில சமயம் தவறும். அதனால் வேலை செய்யும் ஆளே இல்லை என்று ஆகிவிடுமா? மாயை என்ற சொல் இங்கே ரொம்பப் பெரிது என்பது என் கருத்து.

ஓய்வு பெற்ற மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்): இனிப்பு நீர் நோயால் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இல்லாத கால் விரல் இன்னும் அரிக்கிறது. எனக்குப் பைத்தியமா?

இல்லவே இல்லை, ஐயா. கை கால் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு இது உண்டு. கால் போனாலும், மூளையில் காலுக்குரிய பகுதி அப்படியே இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம் தமிழர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கண்ணாடிப் பெட்டி ஒன்றைச் செய்தார். இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கையை அசைத்தபோது சிலருக்கு வலி தணிந்தது. காலுக்கும் இந்தப் பயிற்சி உண்டு, மருத்துவமனையின் உடற்பயிற்சி சிகிச்சைப் பிரிவில் கேளுங்கள்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். 1998-இல் வெளிவந்த சோதனையில் ஒருவரின் சொந்தக் கையை மறைத்துவிட்டு, கண்முன்னே ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் தடவினார்கள். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கையே தம் கை என்று பலருக்கும் தோன்றியது.

கம்போங் பக்கத்திலிருந்து வந்த ஒரு மகள்: அக்கா, அம்மாவுக்கு அல்ஸைமர். என்னையே யார் என்று கேட்கிறார். “அது உங்கம்மா இல்ல, உடம்பு மட்டும்தான் இருக்கு” என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.

தங்கச்சி, அப்படிச் சொல்பவர்கள் நினைவு மட்டுமே ஆள் என்று நினைக்கிறார்கள். அது தவறு. ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்கான அறுவையில் புது நினைவுகளைப் பதிக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் ஒரு பெரும் பங்கை இரண்டு பக்கத்திலும் எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு 27 வயது. 2008-இல் இறக்கும்வரை புதிதாக எதையும் மனத்தில் நிறுத்த முடியவில்லை. பல்லாண்டு பழகிய ஆய்வாளர் பிரெண்டா மில்னர்கூட அவருக்கு ஒவ்வொரு முறையும் புது ஆள். ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் வித்தையை அவர் கை நாளுக்கு நாள் தேர்ச்சியோடு கற்றுக்கொண்டது, கற்றது நினைவில்லாமலே. அவருடைய பணிவும் நகைச்சுவையும் கடைசிவரை போகவில்லை.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானது ஒன்று. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஞாபக இழப்பு உள்ளவர்களுக்குச் சோகமான திரைக்காட்சிகளைக் காட்டினார்கள். பார்த்ததை அவர்கள் மறந்தார்கள், துக்கம் மட்டும் மனத்தில் தங்கியது. 2010-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 2014-இல் அல்ஸைமர் உள்ளவர்களிடமும் அதுவே தெரிந்தது. ஆகவே நீங்கள் போய் உட்கார்ந்து சோறு ஊட்டிவிட்டு வந்தது அம்மாவுக்கு மறந்து போகலாம், அந்த நிம்மதி அவரிடம் இருக்கும். யாராவது அதட்டினால் அதுவும் தங்கும். “நான் யாரு, சொல்லு பார்ப்போம்” என்று தேர்வு வைக்காதீர்கள். “அம்மா, நான்தான் உங்க மக” என்று நீங்களே சொல்லிவிட்டுப் பேசுங்கள். இத்தனை வருஷம் தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டிய கை இன்னும் அப்படி அசைகிறது என்றால் அசையட்டும், தடுக்காதீர்கள். அது உங்கள் அம்மாதான்.

ஒரு தம்பி: நாம் முடிவு எடுப்பதற்கு முன்பே மூளை எடுத்துவிடுகிறதாமே?

1983-இல் பெஞ்சமின் லிபெட் செய்த சோதனை அது. தோன்றும்போது மணிக்கட்டை அசையுங்கள் என்றார். அசைவுக்கு அரை விநாடிக்கும் முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கியது. அசைக்க வேண்டும் என்ற எண்ணமோ 0.2 விநாடிக்கு முன்புதான் வந்தது. 2012-இல் ஆரோன் ஷுர்கர் குழுவினர், அந்த மின்மாற்றம் முடிவே அல்ல, தானாக ஏறி இறங்கும் சலனம் சேர்ந்து தெரிவதாக இருக்கலாம் என்று காட்டினார்கள். அதோடு, மணிக்கட்டை அசைப்பதும் நிலத்தை விற்கலாமா என்று மாதக்கணக்கில் யோசிப்பதும் ஒன்றல்ல, தம்பி.

ஒரு பாட்டி: மிஸ்ஸி, என் மகனுக்குச் சாமி வரும்போது அவன் எங்கே போறான்?

பாட்டி, வருவது யார் என்று சொல்ல என் படிப்புக்குத் தகுதியில்லை. சாமி வரும்போது வலி தெரியாதது போல் இருப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1997-இல் ஆழ்துயில் (ஹிப்னாசிஸ்) நிலையில் இருந்தவர்களைச் சோதித்தார்கள். வலியின் வேதனை குறையும்படி சொன்னபோது, மூளையில் வேதனையைச் சார்ந்த பகுதியின் வேலை குறைந்தது. வலி எங்கே என்று உணரும் பகுதி அப்படியே இருந்தது. வலியை உணர்வதும் அதனால் வேதனைப்படுவதும் பிரியக்கூடியவை.

சமய வகுப்பு ஆசிரியர்: அப்படியானால் ஆன்மா?

ஐயா, இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. மணிமேகலையில் பௌத்தரின் அநான்மக் கொள்கை, அதாவது ஆன்மா இல்லை என்ற கொள்கை, இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார், சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் அதை மறுக்கிறார். ‘இல்லை’ என்று சொல்ல ஓர் அறிவு இருக்கிறதே, அதுவே ஆன்மா என்பது முதல் காரணம். ‘என் உடல்’ என்று சொல்வதால் உடலுக்கு வேறாக ஒன்று உண்டு என்பது அடுத்தது. ரப்பர் கைச் சோதனைக்குப் பிறகு இரண்டாவது காரணம் எனக்கு முன்புபோல் உறுதியாகப் படவில்லை. முதல் காரணத்தை எந்த ஸ்கேனும் இன்னும் தொடவில்லை.

அதே மாணவி: இதற்கெல்லாம் விடை எப்போது கிடைக்கும்? நான் என்ன படிக்க வேண்டும்?

1998-இல் கிறிஸ்டோஃப் கோக் என்ற மூளை ஆய்வாளர் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவ அறிஞரிடம், 25 ஆண்டுக்குள் உணர்வு எப்படி உண்டாகிறது என்று மூளையில் காட்டிவிடுவோம் என்று பந்தயம் கட்டினார். 2023-இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் வாங்கிக் கொடுத்தார். ஆகவே உனக்கும் வேலை பாக்கி இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் உயிரியலை விடாதே, கணிதத்தையும் விடாதே. அடுத்த வாரம் வா, என்னிடம் உள்ள புத்தகங்களை எடுத்துப் போ.