ஐன்ஸ்டைன் பக்திமானா, நாத்திகரா? பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் மகளுக்காக ஒரு கேள்வி

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பேச்சுப் போட்டிக்கு ‘அரசியல், மதம், அமைதி: ஐன்ஸ்டைனின் பார்வை’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். ஆறு நிமிடம் பேச வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உதவி கேட்டேன். அவர் பகவத் கீதை படித்த பக்திமான் என்று மாமனார் ஒன்றை அனுப்பினார். பக்கா நாத்திகர் என்று என் தம்பி இன்னொன்றை அனுப்பினான். அமைதிக்காகப் பாடுபட்டவர் என்கிறார்கள், அணுகுண்டு செய்யச் சொன்னவரே அவர்தான் என்றும் சொல்கிறார்கள். எதை நம்பி எழுதிக் கொடுப்பது?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, மாமனார் அனுப்பியது சரியில்லை. தம்பி அனுப்பியதும் முழுக்கச் சரியில்லை. உண்மை ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்று சமாதானம் சொல்லவும் எனக்கு மனமில்லை. ஐன்ஸ்டைன் இந்த மூன்றைப் பற்றியும் தெளிவாகவே எழுதியிருக்கிறார். யாருக்கு எழுதினார், எந்த ஆண்டு எழுதினார் என்பதை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் பிய்த்து எடுப்பதால்தான் குழப்பமே வருகிறது. அதனால் மகளிடம் முதல் வேலையாக இதைச் சொல்லுங்கள்: ஆண்டும் ஆளும் தெரியாத மேற்கோள் எதுவும் பேச்சில் வேண்டாம்.

புதுச்சேரியில் ஒரு பள்ளிப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அருமையாகப் பேசினான். ஒரு பேராசிரியர் வகுப்பில் கடவுள் இல்லை என்கிறார், ஒரு மாணவன் எழுந்து, “குளிர் என்று ஒன்று கிடையாது, வெப்பம் இல்லாததே குளிர், இருள் என்று ஒன்று கிடையாது, ஒளி இல்லாததே இருள், தீமையும் அப்படித்தான், மனத்தில் கடவுள் இல்லாத நிலை” என்று வாயடைக்க வைக்கிறான். “அந்த மாணவன்தான் ஐன்ஸ்டைன்!” என்று பையன் முடித்ததும் அரங்கமே கைதட்டியது. கீழே இறங்கியதும் கூப்பிட்டு, “தம்பி, இது எங்கே கிடைத்தது?” என்று கேட்டேன். “அப்பா போன்ல வந்துச்சு சார்” என்றான். கையிலிருந்த சீட்டைச் சுருட்டிக்கொண்டே நின்றான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. சரிபார்க்கச் சொல்லித்தராத பெரியவர்கள் மேல்தான் வந்தது, என்னையும் சேர்த்து.

அந்தக் கதை நடக்கவே இல்லை. ஐன்ஸ்டைன் தன் வாழ்க்கைக் குறிப்பில் இதற்கு நேர்மாறானதைத்தான் எழுதியிருக்கிறார். சின்ன வயதில் தீவிர பக்தி இருந்தது, அறிவியல் நூல்களைப் படிக்கப் படிக்க 12 வயதில் அது முடிந்துபோனது என்கிறார். கீதை பற்றி அவர் பெயரில் சுற்றும் வரிகளுக்கும் ஆதாரம் கிடையாது. அணுகுண்டுச் சோதனையை நினைவுகூர்ந்து கீதை வரியைச் சொன்னவர், அந்தக் குண்டைச் செய்த விஞ்ஞானிகளுக்குத் தலைமை தாங்கிய ஓப்பன்ஹைமர். தேனீ அழிந்தால் நாலு வருடத்தில் மனித இனமும் அழியும் என்பதும் ஐன்ஸ்டைன் சொன்னதல்ல.

சரி, மதத்தைப் பற்றி என்னதான் சொன்னார்? 1929-இல் நியூயார்க்கைச் சேர்ந்த யூத மதகுரு ஹெர்பர்ட் கோல்ட்ஸ்டைன் அவருக்கு ஒரு தந்தி கொடுத்தார். கடவுளை நம்புகிறீர்களா, 50 சொற்களில் பதில் தாருங்கள், பதிலுக்கான கட்டணம் கட்டியாகிவிட்டது என்று கேட்டிருந்தார். இருப்பவை அனைத்தின் ஒழுங்கிலும் இசைவிலும் தன்னை வெளிப்படுத்தும் ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன், மனிதர்களின் விதியிலும் செயலிலும் தலையிடும் கடவுளை அல்ல என்று பதில் போனது. ஸ்பினோசா 17-ஆம் நூற்றாண்டு தத்துவஞானி. கடவுளும் இயற்கையும் ஒன்றே என்றவர். ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் 1656-இல் அவரை விலக்கி வைத்தது. வேண்டிக்கொண்டால் மனமிரங்குகிற கடவுள் அவரிடம் கிடையாது. (இதை உடனே அத்வைதம் என்று மாற்றிச் சொல்லிவிட வேண்டாம். ஐன்ஸ்டைன் அப்படிச் சொல்லவில்லை.)

கால் நூற்றாண்டு கழித்து, 1954 ஜனவரியில், எரிக் குட்கிண்ட் என்ற எழுத்தாளருக்கு இன்னும் கறாராக எழுதினார்: கடவுள் என்ற சொல் எனக்கு மனித பலவீனங்களின் வெளிப்பாடு மட்டுமே. உங்கள் தம்பி இதைக் கண்டால் துள்ளிக் குதிப்பார். ஆனால் அவரிடம் 1941-ஆம் ஆண்டுக் கடிதத்தையும் காட்டுங்கள். வெறிகொண்ட நாத்திகர்கள், கழற்றி எறிந்த விலங்கின் கனத்தை இன்னும் சுமக்கும் அடிமைகளைப் போன்றவர்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். பிரபஞ்சத்தின் ஒழுங்கைக் கண்டு எழும் வியப்பை அவர் மத உணர்வு என்றே அழைத்தார். 1930-இல் எழுதிய கட்டுரையில், அச்சத்தில் பிறந்த மதம், ஒழுக்கத்தில் பிறந்த மதம், அதற்கு மேல் இந்த வியப்பு என்று மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டினார். மதத்தைப் பொறுத்தவரை ஆண்டுகள் மாறினாலும் அவர் பெரிதாக மாறவில்லை.

அமைதி விஷயத்தில் மாறினார். என்னைக் கேட்டால், மகள் ஆறு நிமிடத்தில் நாலு நிமிடத்தை இதற்கே கொடுக்கலாம்.

1914 அக்டோபர். ஜெர்மனிப் படை பெல்ஜியத்துக்குள் புகுந்துவிட்டது. அதை நியாயப்படுத்தி ஜெர்மனியின் 93 அறிஞர்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஐன்ஸ்டைனை பெர்லினுக்கு வரவழைத்த மாக்ஸ் பிளாங்க் அதில் இருந்தார், நண்பர் ஃபிரிட்ஸ் ஹேபரும் இருந்தார். அதற்கு மறுப்பாக நிக்கோலாய் என்ற மருத்துவர் ‘ஐரோப்பியர்களுக்கு’ என்று ஓர் அறிக்கை எழுதிக் கையெழுத்துக்கு அலைந்தார். தன்னையும் சேர்த்து அவருக்குக் கிடைத்தவை நாலே கையெழுத்து. அதில் ஒன்று ஐன்ஸ்டைனுடையது. பெர்லினுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத 35 வயது மனிதர், தன்னை ஆதரித்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் நிற்க, இந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் சுவிட்சர்லாந்துக்குப் போய், போரை எதிர்த்து எழுதிக்கொண்டிருந்த பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலண்டைச் சந்தித்தார். இந்தப் பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்காது. பாண்டியில் பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் பொது நூலகம் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1827-இல் தொடங்கிய நூலகம். ரோலண்டின் நூற்றாண்டையொட்டி 1966-இல் அவர் பெயரை வைத்தார்கள். ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பாண்டி பஸ் ஏறுங்கள். போனில் வந்ததை மனப்பாடம் செய்வதைவிட, அங்கே உட்கார்ந்து ஐன்ஸ்டைனின் வாழ்க்கை வரலாற்றில் நாலு பக்கம் படிப்பது அவளுக்கு உதவும்.

1930 டிசம்பரில் நியூயார்க்கில், ராணுவத்துக்கு அழைக்கப்படுபவர்களில் 2 சதவீதம் பேர் மறுத்துவிட்டாலே அரசுகளால் ஒன்றும் செய்ய முடியாது, அத்தனை பேரை அடைக்கச் சிறையில் இடமிருக்காது என்று பேசினார். இளைஞர்கள் ‘2%’ என்று சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். 1931 செப்டம்பரில் சுந்தரம் என்ற காந்தி அன்பர் மூலம் காந்திக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். வன்முறையைக் கைவிடாதவர்களிடமும் வன்முறையின்றி வெல்ல முடியும் என்று காட்டிவிட்டீர்கள் என்று அதில் இருந்தது. லண்டனிலிருந்து பதில் எழுதிய காந்தி, இந்தியாவில் என் ஆசிரமத்தில் நாம் சந்திக்க வேண்டும் என்றார். அந்தச் சந்திப்பு நடக்கவேயில்லை.

1933-இல் ஹிட்லர் வந்தார். ஐன்ஸ்டைன் ஜெர்மனிக்குத் திரும்பாமல் பெல்ஜியத்தின் ஒரு கடற்கரை ஊரில் தங்கினார். ராணுவ சேவையை மறுத்துச் சிறைப்பட்ட இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்காகக் குரல் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஐன்ஸ்டைன் என்றால் உடனே எழுதியிருப்பார். அந்த ஜூலையில் அவர் எழுதியது வேறு: நான் பெல்ஜியனாக இருந்தால், இன்றைய நிலையில் ராணுவ சேவையை மறுக்க மாட்டேன். அமைதி இயக்கத்தினர் கொதித்துப்போனார்கள். ரோலண்டும் ஏற்கவில்லை. ஆனால் 1914-லும் 1933-லும் பேச்சு பெல்ஜியத்தைப் பற்றியதுதான், கவனியுங்கள். இரண்டு முறையும் எளிய நாட்டை வலிய நாடு மிதிப்பதை ஏற்க மாட்டேன் என்றுதான் நின்றார். முதல் முறை அதற்குப் பேனா போதும் என்று நினைத்தார், இரண்டாம் முறை போதாது என்று கண்டார். நான் புரிந்துகொண்டது இப்படித்தான்.

அணுகுண்டுக் கடிதமும் இந்த வரிசையில்தான் வருகிறது. லியோ சிலார்டு என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து தயாரித்து, 1939 ஆகஸ்ட் 2 தேதியிட்டு அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு அனுப்பிய இரண்டு பக்கக் கடிதம் அது. ஜெர்மனி முந்திக்கொள்ளும் என்ற பயமே காரணம். குண்டு செய்யும் வேலையில் அவருக்குப் பங்கு இல்லை, அமெரிக்க ராணுவம் அவரை நம்பிச் சேர்க்கவும் இல்லை. 1954-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கிடம், அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டது என் வாழ்க்கையின் ஒரு பெரிய தவறு என்றார். ஜெர்மானியர் செய்துவிடும் ஆபத்து இருந்ததால் ஓரளவு நியாயமும் உண்டு என்று சேர்த்துச் சொன்னார். இந்தப் பின்பாதியை விட்டுவிட்டுத்தான் எல்லாரும் பரப்புகிறார்கள். 1955 ஏப்ரல் 11 அன்று, தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் தயாரித்த அணு ஆயுத எதிர்ப்பு அறிக்கையில் கையெழுத்திட்டார். ஒரே வாரத்தில், 18-ஆம் தேதி, காலமானார்.

அரசியலுக்கு ஒரு நிமிடம் போதும். ‘ஏன் சோஷலிசம்?’ என்று 1949-இல் கட்டுரை எழுதினார். திட்டமிட்ட பொருளாதாரம் தனிமனிதனை முழு அடிமையாக்கிவிடவும் கூடும் என்று அதிலேயே எச்சரித்தார். 1952-இல் இஸ்ரேல் குடியரசுத் தலைவர் பதவி தேடி வந்தபோது, மனிதர்களைக் கையாளும் திறனும் அனுபவமும் தனக்கு இல்லை என்று மறுத்தார். எனக்குப் பிடித்தது 1946. அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் படித்த லிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய், இனவெறி வெள்ளையர்களின் நோய், அதைப் பற்றி நான் வாய்மூடி இருக்கப் போவதில்லை என்றார். நோய் ஒடுக்குகிறவனுக்குத்தான் என்ற இந்தப் பேச்சு நம் ஊரில் எங்கே பொருந்தும் என்று உங்கள் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேச்சை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள் அம்மா. 1914, 1929, 1933, 1939, 1955 என்ற ஐந்து ஆண்டுகளை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு அவளே சொந்த வார்த்தையில் கோக்கட்டும். முடிவில் நடுவர் யாராவது, “அதெல்லாம் இருக்கட்டும் பாப்பா, அவர் கடவுளை நம்பினாரா இல்லையா?” என்று கேட்கக்கூடும். ஆமாம், இல்லை என்று எதுவும் சொல்லாமல், அந்த 1929 தந்தியில் கேட்ட கேள்வியையும் போன பதிலையும் அப்படியே சொல்லச் சொல்லுங்கள்.