திருவாரூரில் ஒரே நாள் என்றால் மாலையில் போங்கள்

"தியாகராஜர் கோயிலுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும், எப்போது போவது, எதைத் தவறவிடக் கூடாது?" என்று கேட்டிருக்கிறீர்கள். திருவாரூர் என் தாய்வழி ஊர். உரிமையோடு சொல்கிறேன்: சாயரட்சைக்கு, அதாவது மாலைப் பூசைக்குப் போங்கள்.

தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு, அர்த்தசாமம் என்ற இரவுப் பூசை எப்படியோ அப்படி ஆரூருக்குச் சாயரட்சை. முப்பத்து முக்கோடி தேவரும் அந்த வேளையில் வந்து நிற்பதாக ஐதீகம். ஐந்து முகம் கொண்ட முழவான பஞ்சமுக வாத்தியமும், நாகஸ்வர வகையான பாரி நாயனமும் ஒலிக்கும்போது சந்நிதியில் இருக்க வேண்டும். ஐந்து முகங்களும் ஐந்து விதமாகப் பேசும் அந்த முழவை நேரில் கேட்பது தனி அனுபவம்.

தியாகராஜரின் திருமுகத்தை மட்டுமே காண முடியும். சிவன், உமை, கந்தன் மூவரும் சேர்ந்த சோமாஸ்கந்தத் திருமேனி முழுவதும் பூவாலும் பட்டாலும் மறைந்திருக்கும். மார்கழித் திருவாதிரைக்கும் பங்குனி உத்திரத்துக்கும்தான் பாத தரிசனம். எதுவும் தெரியவில்லையே என்று சிலர் உடனே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரும் வருத்தம். திருமாலின் மார்பில் இருந்தபோது அவர் மூச்சோடு ஏறி இறங்கி ஆடியவர் இவர். மூச்சின் அசைவே ஆட்டமான அந்த அசபா நடனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நில்லுங்கள்.

மூலவர் புற்றிடங்கொண்டார், அம்பாள் கமலாம்பாள் சந்நிதிகளுக்கு எப்படியும் போவீர்கள். பலர் கவனிக்காமல் கடப்பது உள்ளேயே இருக்கும் அரநெறி என்ற சிவன் கோயில். அப்பர் பாடிய தனிக்கோயில். சோழ அரசி செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கியது, அதாவது கல்லால் கட்டியது. விளக்குக்கு நெய் கேட்டபோது ஏளனப்படுத்தப்பட்ட நாயன்மார் நமிநந்தியடிகள், குளத்து நீரை வார்த்து விளக்கெரித்தது இங்கேதான். தியாகராஜர் சந்நிதியிலும் விளக்குக்கு ஒரு வரலாறு உண்டு. சோழ மன்னன் முதலாம் இராஜேந்திரனும் அவன் அன்புக்குரிய அனுக்கியார் பரவை நங்கையாரும் நின்று வணங்கிய இடம் தெரியும்படி ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அரசன் கட்டிய, பொன் வேய்ந்த செய்திகளைவிட இந்த ஒரு வரி எனக்கு மிகவும் நெருக்கமானது.

வெளிச்சம் இருக்கும்போதே தேவாசிரிய மண்டபத்தைப் பார்த்துவிடுங்கள். சுந்தரர் அடியார்களைப் போற்றும் திருத்தொண்டத்தொகையைப் பாடியது இந்த இடத்தில் என்பது மரபு. விதானத்தில் முசுகுந்தன் என்ற சோழ மன்னனின் கதை, சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் தீட்டியது. தியாகராஜரின் ஒரே மாதிரியான ஏழு திருவுருவங்களை இந்திரன் காட்ட, உண்மையானதை முசுகுந்தன் கண்டுபிடித்து ஏழையும் பெற்றுவந்த கதை அது. படங்களுக்குக் கீழே தமிழிலேயே குறிப்பு எழுதியிருக்கிறார்கள், நிதானமாகப் படியுங்கள்.

வேலி என்பது பழைய நில அளவு; கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள், அவ்வளவு பெரிது. மாலையில் நடை திறக்கும் நேரத்துக்கே வந்துவிட்டால்தான் அவசரமில்லாமல் சுற்ற முடியும். காலைப் பொழுதைத் திருக்காறாயிலுக்கு, இன்றைய திருக்காறவாசலுக்குக் கொடுக்கலாம். முசுகுந்தன் பெற்றுவந்த ஏழு திருவுருவங்களும் உள்ள ஏழு விடங்கத் தலங்களில் அதுவும் ஒன்று. திருத்துறைப்பூண்டி சாலையில்தான் இருக்கிறது. அங்கே தியாகராஜர் ஆடுவது குக்குட நடனம், சேவலைப் போன்ற ஆட்டம்.