முப்பது யூரோவுக்கு எந்த ஷாம்பெயின்?

தம்பி, உங்கள் கேள்வியை முத்தியால்பேட்டையில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். வெளியே கார்த்திகை மழை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து லியோனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, மேனேஜர் டிசம்பர் 31 இரவு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார், கையில் 30 யூரோ, நீங்களோ குடிக்காதவர். எந்த ஷாம்பெயின் வாங்குவது, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது மாமாவுக்கு எதைக் கொண்டு வருவது, இதுதானே கேள்வி?

நான் பாரிஸ் பக்கம் சார்செலுக்குப் போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதில் பதினான்கு வருடம் சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் பிரிவில் பாட்டில் அடுக்கும் வேலை. குடித்ததைவிட அடுக்கியதுதான் அதிகம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

டிசம்பரில் கடைக்குள் நுழைந்ததும் மலை மாதிரி ஒரு குவியல் இருக்கும். 15 யூரோ, 17 யூரோ, பெயர் கேள்விப்பட்டதே இல்லாத ஷாம்பெயின். அதைத் தொடாதீர்கள். ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் திராட்சை வேண்டும். அந்தத் திராட்சைக்கே ஏழெட்டு யூரோ ஆகிவிடும். பாட்டில், கார்க், கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் போக என்ன மிஞ்சும்? சட்டப்படி குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும். இந்த ரகம் பெரும்பாலும் அந்தக் கெடு முடிந்த கையோடு கடைக்கு வந்துவிடும். புளிப்பில் பல் கூசும்.

அதே 15 யூரோவுக்குள் கிரெமான் என்ற நுரை ஒயின் வாங்கினால் ராஜா மாதிரி குடிக்கலாம். ஷாம்பெயின் மாதிரி இதுவும் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்து நுரை ஏற்றுவதுதான். ஷாம்பெயின் செய்யும் ஷாம்பாங் பகுதிக்கு வெளியே செய்வதால் அந்தப் பெயரைப் போட முடியாது, அவ்வளவே. அல்சாஸ் பகுதியில் வோல்ஃப்பெர்ஜே, பூர்கோன் பகுதியில் பாயி லாபியேர், இரண்டும் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவு. பாயி லாபியேர் பாட்டில்களைப் பழைய கல் குவாரிச் சுரங்கத்தில் வைத்து முதிர விடுகிறார்கள். தெற்கே லிமூ பக்கத்துக் கிரெமானும் நல்லது. நண்பர்கள் அறைக்கு வந்தால், பிறந்தநாள் என்றால், இதுதான். இத்தாலிக்காரர்களின் நுரை ஒயினான புரொசெக்கோவைப் பெரிய தொட்டியில் நொதிக்க வைப்பார்கள். லேசாக, பழ வாசனையோடு இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது கலந்து குடிக்கத்தான் இங்கே பாதிப் பேர் வாங்குகிறார்கள்.

ஆனால் மேனேஜர் வீட்டுக்கு, அதுவும் 31-ஆம் தேதி என்றால், ஷாம்பெயினே வாங்குங்கள். லேபிளின் ஓரத்தில் எறும்பு சைஸில் இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஆர்.எம். என்றால் தோட்டக்காரரே தன் திராட்சையில் செய்தது. சி.எம். கூட்டுறவு. என்.எம். திராட்சையை வெளியிலும் வாங்கிச் செய்யும் நிறுவனம். பெரிய பெயர்கள் பெரும்பாலும் இதில்தான் வரும். 30 யூரோவுக்கு ஆர்.எம். அல்லது சி.எம். தேடுங்கள். பெயருக்குக் கொடுக்கும் காசு அதில் குறைவு. சூப்பர் மார்க்கெட்டை விட்டுவிட்டுத் தெருமுனை ஒயின் கடைக்குப் போய், “தோட்டக்காரர் செய்தது, புரூட், முப்பதுக்குள்” என்று கேளுங்கள். புரூட் என்றால் இனிப்பு குறைந்தது. கடைக்காரருக்கு முகம் மலர்ந்துவிடும். நேரமே இல்லை, சூப்பர் மார்க்கெட்தான் என்றால் நிக்கோலா ஃபெய்யாத். அதுவும் கூட்டுறவுதான், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இன்னும் ஐந்து யூரோ போட முடிந்தால் ட்ரப்பியே கார்த் தோர். பெரும்பாலும் பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சை, சாப்பாட்டோடு தாங்கும். ஐம்பது யூரோ பக்கம் போனால் ஷார்ல் ஹைட்சிக், போல் ரொஜே, லூயி ரோடெரெரின் கலெக்‌ஷன். இந்தக் கலெக்‌ஷனில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும், வருடத்துக்கு ஒன்றாகக் கூடும். 245 என்றால் 2020 அறுவடையை வைத்துச் செய்தது. என்னைக் கேட்டால் பணத்துக்கு வஞ்சனை செய்யாதது ஹைட்சிக்தான். ஆனால் அதெல்லாம் உங்களுக்கு நிரந்தர வேலை கிடைத்த பிறகு.

புரூட் என்று போட்டிருப்பதையே எடுங்கள், லிட்டருக்கு 12 கிராமுக்குள்தான் சர்க்கரை. ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்று பார்த்து ஏமாறாதீர்கள், அது புரூட்டைவிட இனிப்பு. இந்தப் பெயர் வைத்தவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

மஞ்சள் லேபிள் வெவ் கிளிக்கோவைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே, அந்த விலைக்கு நான் வாங்கவும் மாட்டேன். ஆனால் பெயரில் ஒரு கதை இருக்கிறது. வெவ் என்றால் விதவை. 1805-ல் 27 வயதில் கணவரை இழந்து, வியாபாரத்தைத் தன் கையில் எடுத்த பெண். பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகீழாகத் திருப்பி வண்டலைக் கழுத்துக்கு இறக்கும் பலகையை உருவாக்கியது அவருடைய நிலவறையில்தான். 1874-ல் இனிப்பு குறைந்த ஷாம்பெயினை இங்கிலாந்துக்காரர்களுக்கு விற்றுக் காட்டிய, பொமெரி என்ற இன்னொரு ஷாம்பெயின் நிறுவனத்தை நடத்திய அம்மாவும் விதவை. இதை என் அம்மாவிடம் சொன்னேன். என் தம்பி கல்யாணத்தில் தாலி கட்டும்போது சமையல் கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டவர் அவர். “அப்போ அந்த ஊரில் விதவை பேர் போட்ட பாட்டிலைத்தான் கல்யாணத்தில் திறக்கிறாங்களா?” என்று கேட்டு, போனில் லேபிள் படத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

சரி, பாட்டிலை மூன்று நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்ந்ததாகவே கொண்டு போங்கள். ஃப்ரீஸரில் போடாதீர்கள், வெடிக்கும். உங்களையே திறக்கச் சொன்னாலும் சொல்வார்கள். உள்ளே கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தம். தாளைக் கிழித்து, கம்பியை ஆறு அரைச் சுற்று தளர்த்துங்கள். அந்த நொடியிலிருந்து கட்டைவிரல் கார்க்கை விட்டு நகரக் கூடாது. பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். ‘புஸ்’ என்று மெல்லச் சத்தம் வந்தால் சரியாகத் திறந்தீர்கள் என்று அர்த்தம். ‘டப்’ என்று வெடிப்பது சினிமாவுக்கு. நான் முதல் வருடம் சினிமா மாதிரி திறந்ததில் டியூப் லைட் போனது. குடிக்க மாட்டேன் என்று நேராகச் சொல்லுங்கள், யாரும் வற்புறுத்துவதில்லை. ஜூஸ் கிளாஸோடு கண்ணைப் பார்த்து ‘சாந்தே’, அதாவது பிரெஞ்சில் ‘சியர்ஸ்’, சொன்னால் போதும். கண்ணைப் பார்க்காமல் கிளாஸை இடித்தால்தான் கிண்டல் செய்வார்கள்.

இனி மாமா. இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லை, 750 மில்லி பாட்டில் இரண்டு வரும். ஒன்று 1.6 கிலோ கனக்கும் என்பதைப் பெட்டி எடையில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கைலியில் சுற்றி, பெட்டி நடுவில் வைத்து, செக்-இன்னில் போடுங்கள். ஈசிஆர் வழியாகக் கடலூர் போனால் பாண்டிச்சேரியைத் தாண்டித்தானே போக வேண்டும்; ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் காட்ட, பிரான்ஸில் வாங்கிய பில்லும் போர்டிங் பாஸும் மேல் பையிலேயே இருக்கட்டும்.

மாமாவுக்கு 50 யூரோ செலவழிக்காதீர்கள். விஸ்கி பழகிய நாக்கு, சோடா மாதிரி இருக்கு என்பார். மேனேஜருக்கு வாங்கும் அதே பாட்டிலில் இன்னொன்று போதும். முதுநகரில் வஞ்சிரம் வாங்கி வறுத்துக் கூட வைத்துவிடுங்கள். உப்பும் எண்ணெயும் புரூட்டுக்கு அப்படிப் பொருந்தும். மசால் வடையும் சரி.

ஒன்றே ஒன்று, ஷோகேஸில் வைக்க விடாதீர்கள். என் பெரியப்பா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் கொண்டுவந்து கொடுத்த பாட்டிலை மெடல்களுக்குப் பக்கத்தில், டியூப் லைட்டுக்கு நேர் கீழே நிறுத்தி வைத்தார். நாலு வருடம். பேத்தி நிச்சயதார்த்தத்தன்று திறந்தபோது சத்தமே இல்லை. வரத்தேநீர் நிறம், முட்டைக்கோஸ் வேகவைத்த தண்ணீர் வாசனை. வெளிச்சமும் நம் ஊர் வெயிலும் அதைக் கொன்றுவிட்டன. பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, “பழசு பாரு, அதான் கனமா இருக்கு” என்று எல்லாருக்கும் ஊற்றினார். நாங்களும் குடித்தோம்.