மலேரியா இல்லாத சிங்கப்பூரில் மலேரியாக் கணக்கு எதற்கு?

கொசுமருந்து அடித்தால் போதாதா, சமன்பாடு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த வயதுக் கொசுவைக் குறிவைப்பது என்று சொல்வதே அந்தச் சமன்பாடுதான்.

சிங்கப்பூரை மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 1982இல் அறிவித்தது. மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு இன்னும் இங்கேதான் இருக்கிறது. ஒட்டுண்ணியைச் சுமந்து வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் உண்டு. 2009இல் வைவாக்ஸ் என்ற வகை மலேரியா உள்ளூரிலேயே பரவியது.

கடைசிக் கொசுவரை கொல்லத் தேவையில்லை, ஓர் அளவுக்குக் கீழே இறக்கினாலே நோய் அடங்கிவிடும் என்று முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர், மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ். 1950களில் மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மெக்டொனால்ட், கொசுவின் எண்ணிக்கையைவிட அதன் ஆயுள்தான் பெரிது என்றார்.

காரணம் இதுதான். கொசு குடித்த ஒட்டுண்ணி உடனே அடுத்தவருக்குத் தொற்றாது. ஃபால்சிபாரம் என்ற வகை ஒட்டுண்ணி கொசுவுக்குள் முதிரும் நாள்களை அறிய, சராசரி வெப்பநிலையில் 16ஐக் கழித்து, அதைக் கொண்டு 111ஐ வகுப்பார்கள். 27 டிகிரியில் சுமார் 10 நாள். தினமும் 90 விழுக்காடு கொசுக்கள் பிழைத்தால், 10 நாள் தாண்டுபவை 35 விழுக்காடு. தினசரிப் பிழைப்பு 80 விழுக்காடாகக் குறைந்தால் 11 விழுக்காடுதான் தேறும். அதற்குப் பிறகு வாழும் நாள்களும் குறைவதால், பரப்பும் திறன் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகிவிடும். கொசுப்புழுக்களைப் பாதியாக்கினாலோ திறனும் பாதிதான் ஆகும். ஆயுளைக் குறைக்கத்தான் வீட்டுச் சுவரில் மருந்தடிப்பது. ஆனால் வெளியே கடித்து வெளியிலேயே தங்கும் கொசுவை அந்த மருந்து தொடாது. அங்கே வடிகாலையும் தேங்கிய நீரையும்தான் பார்க்க வேண்டும். (பூச்சட்டித் தட்டைக் கவிழ்ப்பது டெங்கிக்கு. அனாஃபிலிஸுக்கு அந்த இடமே வேறு.)

கணக்கு சறுக்குவது பெரும்பாலும் இந்தப் பிழைப்பு விகிதத்தில்தான். பிடித்த பெண்கொசுக்களை அறுத்து, ஏற்கெனவே முட்டையிட்டவை எத்தனை என்று எண்ணுவார்கள். அவைதான் ஒரு முட்டைச் சுற்றைத் தாண்டிப் பிழைத்தவை. 73 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ரத்தம் குடித்து முட்டையிட 3 நாள் என்றால் 0.73இன் கனமூலம்: தினசரிப் பிழைப்பு 0.90. அதையே 2 நாள் என்று எடுத்தால் வர்க்கமூலம், 0.85. ஒரே ஒரு நாள் வித்தியாசம்தான், ஆனால் கடிக்கும் விகிதம் போன்ற மற்ற எண்களை மாற்றாமல் வைத்தால், பரப்பும் திறன் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் ஒற்றை விடையை நம்பாமல், நம்பத்தக்க எல்லைகளுக்குள் எண்களை மாற்றிப் பலமுறை ஓட்டிப் பார்ப்பதே சரி.

நோய் ஒழிந்த ஊருக்கு வேறு கேள்வி: வெளியிலிருந்து வந்த ஒருவரால் மொத்தம் எத்தனை பேர்? ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பதை 1இலிருந்து கழித்து, அதைக் கொண்டு 1ஐ வகுங்கள். 0.5 என்றால் அவரையும் சேர்த்து 2 பேர், 0.9 என்றால் 10 பேர். 1க்குக் கீழேதானே என்று விட்டுவிட முடியாது. சிகிச்சை தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அந்த எண்ணை ஏற்றும்.

வைவாக்ஸுக்கு இந்தக் கணக்கு மாதிரியில் இன்னொரு பிரிவையும் சேர்க்க வேண்டும்: ஈரலில் உறங்கும் ஒட்டுண்ணி. அதை விட்டுவிட்டால், மாதங்கள் கழித்து அதே ஆளுக்குத் திரும்பும் காய்ச்சலைப் புதுத் தொற்று என்று எண்ணிவிட்டு, இல்லாத கொசுவைத் தேடிக்கொண்டிருப்போம். அந்த உறங்கும் ஒட்டுண்ணியைக் கொல்ல வேண்டியது பிரைமாகுயின் மருந்து, அதுவும் ஜி6பிடி என்ற நொதி உடலில் குறைவா என்று பார்க்கும் பரிசோதனை முடிந்த பிறகு.