மாற்றுத்திறன் கொண்ட குழந்தையையும் சேர்த்துக்கொள்ளும் கிளப், பொழுதுபோக்கு வகுப்புகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்கப்பட்டது இது: குழந்தைக்கு 9 வயது. பள்ளியையும் தெரபியையும் விட்டால் வேறு எங்கும் போவதில்லை. மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும். விசாரித்த இடங்களில் எல்லாம் "பார்க்கலாம்" என்றே சொல்கிறார்கள்.

"பார்க்கலாம்" என்பவர்கள் எல்லோரும் மறுக்கவில்லை. தாங்கள் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று தெரியாத பயம்தான் பலருக்கு. அதை வாய்விட்டுக் கேட்கவும் தயக்கம். அதனால் இதில் தேடும் வேலையைவிட, போய்ப் பேசும் வேலையே அதிகம். பலகையில் "இன்க்ளூசிவ்" (எல்லோரையும் சேர்த்துக்கொள்வோம்) என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அப்படி எழுதிய இடத்தில் குழந்தையை ஓரமாக உட்காரவைத்து ஸ்கோர் எழுதச் சொல்வார்கள். ஒன்றும் எழுதாத சாதாரண செஸ் வகுப்பில் ஆசிரியர் மேசையின் உயரத்தை மாற்றிப் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார்.

முதலில் குழந்தைக்கு எது பிடிக்கும் என்று பாருங்கள். "கைக்கு நல்லது", "பேலன்ஸ் வரும்" என்று தேர்ந்தெடுத்தால் அது இன்னொரு தெரபி ஆகிவிடும். குழந்தைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தண்ணீரா, தாளமா, பந்தா, பொம்மை ரயிலா, சமையலா என்று பார்த்துவிட்டு, அந்த விஷயம் நடக்கும் சாதாரண வகுப்புகளையே பட்டியலிடுங்கள். தெரபிஸ்டிடமும் சிறப்பு ஆசிரியரிடமும், அதே குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரிடமும் "எந்த கிளப் நல்லது" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எந்த கோச் பொறுமையானவர்" என்று கேளுங்கள். நீங்கள் தேடுவது ஒரு ஆளை. அவர் வேலை மாறிப் போனால் அந்த கிளப்பின் குணமும் மாறிவிடலாம்.

பெரிய அமைப்புகளில் எது யாருக்கு என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. 1968-இல் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கானது. போட்டிகளில் 8 வயது முதல் சேரலாம், 2 முதல் 7 வயதுவரை 'யங் அத்லெட்ஸ்' என்று தனித் திட்டம் உண்டு. அதன் 'யூனிஃபைட்' பிரிவில் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடுவார்கள், எனவே கலந்து விளையாட வேண்டும் என்றால் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பாராலிம்பிக் வழி வருபவை பெரும்பாலும் உடல், பார்வைக் குறைபாடுகளுக்கான விளையாட்டுகள். காது கேளாதோருக்கு டெஃப்லிம்பிக்ஸ் தனி, 1924 முதல் நடக்கிறது. அறிவுசார் குறைபாடு இல்லாத, செரிப்ரல் பால்ஸி (மூளை பாதிப்பால் உடல் அசைவில் வரும் குறைபாடு) உள்ள பிள்ளைக்காக ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் கிளையில் விசாரித்து ஏமாந்து திரும்புவது அடிக்கடி நடக்கும் வீண் அலைச்சல்.

இனி பேச்சு. வரவேற்பில் இருப்பவரிடம் குழந்தையின் கதையைச் சொல்லாதீர்கள், வகுப்பு எடுப்பவரோடு பேசப் பத்து நிமிடம் கேளுங்கள். வகுப்பு முடிந்த நேரமாக இருந்தால் நல்லது. "சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டால் ஆமாம் அல்லது இல்லை என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள் என்று கேளுங்கள். தன் முறை வரும்வரை ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கும்? சொன்னதைச் செய்யாத பிள்ளையை என்ன செய்வீர்கள்? சத்தம் அதிகமானால் ஒதுங்க இடம் உண்டா? இவற்றில் வரிசைக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆட்டிசமோ ஏடிஎச்டியோ (கவனக் குறைவு, மிகைத் துறுதுறுப்பு) உள்ள பிள்ளைகள் பலர் ஆட்டத்தில் உடைந்துபோவதில்லை, காத்திருப்பில்தான் உடைகிறார்கள். பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு தடவை பந்தை உதைக்கும் வகுப்பைவிட, நான்கு நான்காகப் பிரிந்து ஆடும் வகுப்பு எவ்வளவோ மேல்.

பதிலில் ஒன்றைக் கவனியுங்கள். "எங்களுக்கு எல்லாக் குழந்தையும் ஒன்றுதான்" என்றால் நல்ல மனசு, ஆனால் தகவல் ஏதும் இல்லை. "பந்தைக் கையால் பிடிப்பானா, மடியில் வாங்குவானா?" என்று அவரே திருப்பிக் கேட்டால் அந்த இடத்தை விடாதீர்கள். "அம்மாவோ அப்பாவோ எப்போதும் கூடவே உட்கார வேண்டும்" என்பதை முதல் சில வாரங்களுக்கு ஒப்புக்கொள்ளலாம். பிறகு எப்படிப் படிப்படியாக விலகுவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்வரை மற்ற பிள்ளைகள் நெருங்கி வரமாட்டார்கள்.

அடுத்து, குழந்தை இல்லாமல் ஒருமுறை போய் வகுப்பைப் பாருங்கள். முதல் பத்து நிமிடத்தையும் கடைசி ஐந்து நிமிடத்தையும் தவறவிடாதீர்கள். செருப்பு கழற்றுவது, பை வைப்பது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எல்லாம் அப்போதுதான் நடக்கும், சிக்கலும் அங்கேதான் வரும். வீல்சேர் என்றால் அளவு டேப் கையில் இருக்கட்டும். சக்கரத்தைத் தள்ளும் கை முட்டியையும் சேர்த்து நாற்காலியின் அகலத்தை வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். கதவின் அகலத்தைச் சட்டத்தோடு அளக்காமல், திறந்த கதவுக்கும் எதிர்ச் சட்டத்துக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தை அளக்க வேண்டும். ரேம்ப் 1:12 சரிவில் இருக்க வேண்டும், அதாவது 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர் நீளம். ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு ரேம்ப் இருக்கிறது என்பார்கள், அதில் நாற்காலி பின்னால் கவிழும். கழிப்பறைக்குள் நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் தேவை. ஹால் அருமையாக இருந்து கழிப்பறை மாடியில் இருந்தால் அந்த கிளப் உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உதவாது.

கோச்சிடம் கொடுக்க ஒரே ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள். மருத்துவ அறிக்கையைக் கொடுத்தால் படிக்கமாட்டார்கள், படித்தாலும் பயம்தான் கூடும். நோயின் பெயர் ஒரு வரி போதும். மீதி எல்லாம் "இப்படி நடந்தால் இப்படிச் செய்யுங்கள்" என்ற வடிவில், குழந்தை சொல்வதுபோல் இருக்கட்டும். மாதிரிக்குச் சில வரிகள்:

"பந்தை வீசுவதற்கு முன் என் பெயரைச் சொல்லுங்கள். நான் திரும்பிப் பார்க்க மூன்று விநாடி ஆகும்."

"காதைப் பொத்தினால் எனக்குச் சத்தம் அதிகம் என்று அர்த்தம். பையில் இயர்மஃப் இருக்கிறது. கையைப் பிடித்து இழுக்காதீர்கள், கதவைக் காட்டுங்கள், நானே வெளியே வருவேன்."

"ஒரு சமயத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். செய்து காட்டினால் இன்னும் சீக்கிரம் புரியும்."

"வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்."

கடைசியில் குழந்தைக்குப் பிடித்த இரண்டு விஷயங்களையும் எழுதுங்கள். கோச்சுக்கு முதல் நாள் பேச்சைத் தொடங்க அதுதான் கைகொடுக்கும். பேசாத பிள்ளை படப் பலகை பயன்படுத்தினால், வீட்டுச் சொற்களோடு "என் முறை", "இன்னொரு தடவை", "நிறுத்து" மூன்றையும் அதில் சேர்த்துவிடுங்கள். "நிறுத்து" என்பது பாதுகாப்புக்கான சொல், கிளப்பில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் அந்தப் படம் தெரிந்திருக்க வேண்டும். கழிப்பறைக்கு யார் அழைத்துப் போவார்கள், எந்த அளவுக்கு உதவலாம் என்பதையும் முன்கூட்டியே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் கையில் கிடைத்தவர் போகட்டும் என்று விடக் கூடாது.

ஆட்டத்தை மாற்றுவது எப்படி என்று கோச் கேட்டால், விளையாட்டுப் பயிற்சியில் 'ஸ்டெப்' என்று ஒரு முறை உண்டு. இடம், செய்யும் வேலை, கருவி, ஆட்கள் ஆகிய நான்கில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. முதலில் கருவியை மாற்றச் சொல்லுங்கள், மற்ற பிள்ளைகளின் ஆட்டத்தை அதுதான் மிகக் குறைவாகத் தொடும். வாக்கர் வைத்து நடக்கும் பிள்ளை பந்து பாஸ் ஆட்டத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பந்து வேகமாக வருகிறது, பிடிக்க வாக்கரிலிருந்து கையை எடுத்தால் விழ வேண்டியதுதான். காற்று பாதி இறக்கிய பந்தைக் கொடுங்கள். அது துள்ளாது, உருண்டு வந்து காலடியில் நிற்கும். அதுவும் போதவில்லை என்றால் இடத்தை மாற்றலாம்: மைதானத்தின் ஓரத்தில் இரண்டு மீட்டர் அகலத்துக்குக் கோடு போட்டு, அதற்குள் இருப்பவரிடமிருந்து யாரும் பந்தைப் பறிக்கக் கூடாது, ஆனால் ஒவ்வொரு கோலுக்கும் முன் பந்து ஒருமுறை அங்கே போய் வர வேண்டும் என்று விதி வையுங்கள். உடனே அந்தப் பிள்ளை அணிக்கு அவசியமான ஆள் ஆகிவிடும். "இவனை மட்டும் யாரும் அவுட் ஆக்காதீங்க" என்பதைவிட மோசமான மாற்றம் கிடையாது. மற்றவர்களுக்கு எரிச்சல் வரும், தனக்குச் சலுகை தருகிறார்கள் என்பது அந்தப் பிள்ளைக்கும் புரியும்.

மெதுவாக வரட்டும் என்று பந்துக்குப் பதில் பலூன் கொடுப்பது வழக்கம். ஸ்பைனா பிஃபிடா (முதுகுத்தண்டு முழுதாக மூடாமல் பிறக்கும் நிலை) உள்ள பிள்ளைகளுக்கு லேட்டக்ஸ், அதாவது இயற்கை ரப்பர் ஒவ்வாமை அதிகம் வரும், அதனால் அவர்கள் இருக்கும் அறையில் ரப்பர் பலூன் வேண்டாம். லேசான பிளாஸ்டிக் பீச் பால் போதும். பாதத்தில் உணர்ச்சி இல்லாத பிள்ளைக்கு நீச்சல் குளத்துத் தரை உரசிப் புண்ணானாலும் தெரியாது, தண்ணீருக்கான ஷூ போடுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், தலைகீழ் டைவ், டிராம்போலின் ஆகியவற்றுக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். கழுத்துவலி, நடையில் திடீர் மாற்றம், புதிதாகச் சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே நிறுத்த வேண்டும். காக்ளியர் இம்பிளான்ட் (கேட்பதற்காக அறுவை சிகிச்சையில் காதுக்குள் பொருத்தும் கருவி) உள்ள பிள்ளை வெளிக்கருவியைக் கழற்றிவிட்டுக் குளத்தில் இறங்கினால் கோச் கத்துவது கேட்காது. 'நில்', 'வா', 'மேலே ஏறு' ஆகியவற்றுக்குக் கைச் சைகைகளை வெளியிலேயே பழக்கிவிடுங்கள். வலிப்பு வரும் பிள்ளைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும், கரையில் நிற்கும் காவலர் போதாது.

நீச்சலைப் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் பலருக்குப் பொருந்துவது அதுதான். போட்டிக் குளங்களின் நீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்கும். தசை இறுக்கம் உள்ள பிள்ளைக்கு அந்தக் குளிரில் உடல் இன்னும் முறுக்கும், 32, 33 டிகிரி இருக்கும் குளமாகத் தேடுங்கள். 1949-இல் ஜேம்ஸ் மெக்மில்லன் இங்கிலாந்தில் உருவாக்கிய ஹாலிவிக் முறையில் மிதவைகளே பயன்படுத்துவதில்லை. உடலின் ஒரு பக்கம் இறுகியிருந்தால் தண்ணீரில் உடல் தானாகவே புரளும், அந்தப் புரளலை அடக்கிக்கொள்ளப் பிள்ளையே கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆளுக்கு ஒரு துணை, ஆனால் குழுவாக விளையாட்டு. அந்த முறை தெரிந்தவர் கிடைத்தால் நல்வாய்ப்பு.

முதல் நாள் முழு வகுப்பும் வேண்டாம். இருபது நிமிடம் போதும், சந்தோஷமாக இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். வாசல், ஹால், கோச்சின் முகம், கழிப்பறை என்று நான்கு போட்டோக்களை முந்தின வாரமே காட்டியிருந்தால் பாதி பதற்றம் குறையும். ஒரே நாளில் "இது இவனுக்குச் சரிவராது" என்று தீர்ப்பு எழுதாதீர்கள், நான்கு வகுப்பாவது போகட்டும். பாதுகாப்பில் குறை கண்டால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றே வெளியே வந்துவிடுங்கள்.

கலந்த வகுப்புதான் எப்போதும் மேல் என்றும் இல்லை. சைகை மொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத கிளப்பில் காது கேளாத பிள்ளை இருபது பேர் நடுவில் தனியாகத்தான் இருக்கும். வாரம் ஒருநாள் சைகை மொழி பேசும் நண்பர்களோடு, இன்னொரு நாள் பிடித்த கலை வகுப்பில் என்று வைத்துக்கொள்ளலாம். பார்வையற்ற பிள்ளைக்கு செஸ் அருமையான வாய்ப்பு. கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்து, கட்டத்துக்கு ஒரு துளையும் காய்க்கு ஒரு முளையும் வைத்த தனிப் பலகை இருக்கிறது, போட்டி விதிகளே அதை அனுமதிக்கின்றன. எதிரில் பார்வை உள்ளவர் தன் சாதாரணப் பலகையில் ஆடுவார்.

எங்குமே அமையவில்லை என்றால் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து போச்சா ஆடத் தொடங்கலாம். கைகால் இயக்கம் மிகக் குறைவான பிள்ளையும் ஆடக்கூடிய ஆட்டம் இது. சிவப்பு ஆறு, நீலம் ஆறு, வெள்ளை ஒன்று என்று பந்துகள். வெள்ளைப் பந்துக்கு யார் பந்து நெருக்கமோ அவருக்குப் புள்ளி. போட்டிக் களம் 12.5 மீட்டருக்கு 6 மீட்டர், வீட்டுக்கூடத்தில் அதில் பாதி இருந்தாலும் ஆடலாம். பந்து ஒன்று சுமார் 275 கிராம். கெட்டித் துணிப்பையில் தானியம் அடைத்துத் தைத்தால் கையால் எறிபவர்களுக்குப் போதும். எறிய முடியாத பிள்ளைக்குப் பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து சரிவாக வைக்கலாம். ஆனால் துணிப்பை குழாயில் உருளாமல் பாதியில் நின்றுவிடும், அங்கே உருண்டையான பந்துதான் வேண்டும். குழாயைப் பிடிப்பவர் களத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது போட்டி விதி. இடது, வலது, இன்னும் மேலே என்று பிள்ளை கண்ணாலோ கையாலோ சொல்லச் சொல்ல அவர் நகர்த்துவார். அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் உட்காரவைத்தே ஆடவிடுங்கள். குழாயைப் பிடிக்கும் வேலையைப் பெரியவர்களைவிட அவர்களிடம் கொடுத்தால், குறுக்கே புகுந்து யோசனை சொல்வது குறையும்.