'நானூக்' நடிப்புப் படம் என்றால் திரையிடலாமா?

வணக்கம். கல்லூரித் திரைப்பட வட்டத்தில் 'நானூக் ஆஃப் த நார்த்' போடப் போகிறீர்கள், "அது முழுக்க நடிக்க வைத்தது, ஆவணப்படமே இல்லை" என்று ஒரு மாணவர் கிளப்பிவிட்டார் என எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மைதான். இருந்தாலும் போடுங்கள்.

1922-இல் வந்த படம்; பனிப்பிரதேசத்தில் வாழும் இனுயிட் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் வாழ்க்கையைக் காட்டுவது. கனடாவின் வடக்கே இனுக்ஜுவாக் என்ற ஊர்ப் பக்கம் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி எடுத்தார். நாயகனின் உண்மைப் பெயர் நானூக் அல்ல, அல்லாகாரியல்லாக். மனைவியாக வருபவர் அவர் மனைவி இல்லை. துப்பாக்கி வைத்து வேட்டையாடிய காலத்தில் ஈட்டியைக் கொடுத்து எடுத்தார்கள். பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை, அதனால் பாதி வீட்டை மட்டும் கட்டி, திறந்த பக்கத்திலிருந்து படம் பிடித்தார்கள். பாவம், உள்ளே தூங்குவதுபோல் நடித்தவர்களுக்கு எவ்வளவு குளிர்ந்திருக்கும்! என்னை உறுத்துவது கிராமஃபோன் காட்சி. நாயகனுக்குத் தெரிந்த பொருள்தான்; தெரியாததுபோல் இசைத்தட்டைக் கடித்துப் பார்க்க வைத்தது வெறும் வசதிக்காக அல்ல, சிரிப்புக்காக.

எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். படம் 80 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் பனிவீட்டுக் காட்சியை மறுபடி ஓட்டி, "வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?" என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் அந்த மாணவரையே பேச விடுங்கள். கேமரா வேலையிலும் பிலிம் கழுவுவதிலும் இனுயிட் மக்கள் கூடவே உழைத்தார்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். 1990-இல் கிளாட் மசோ அதே ஊருக்குப் போய் எடுத்த 'நானூக் ரீவிசிட்டட்' கிடைத்தால், அடுத்த வாரம் அதைப் போடலாம்.